தங்கம் தோண்டிய விவசாயியைப் படைத்தவர்

1958இல் வெளிவந்த ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், ஜார்ஜியா மாநிலத்து விவசாயியான டை டை வால்டன் பருத்தி விதைக்க வேண்டிய நிலத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கம் தேடிக் குழி தோண்டுகிறார். கடவுளுக்கென்று ஒதுக்கிய ஒரு ஏக்கரில் தங்கம் அகப்பட்டுவிடுமோ என்றஞ்சி, அந்த ஏக்கரை அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகளோ பொறாமையாலும் காமத்தாலும் பிளவுபட்டுக் கிடக்கிறார்கள். இதைக் கண்டு பலர் சிரித்திருப்பார்கள். வேளாண் கடன் குறித்து நெடுங்காலம் பாடம் நடத்திய எனக்குச் சிரிப்பு வரவில்லை. பருத்தி விதைப்பதும் தங்கம் தோண்டுவதும் அன்றைய ஜார்ஜியாவில் ஏறத்தாழ ஒரே அளவு சூதாட்டம்தான்.

கதையின் மூலநாவலை எழுதிய எர்ஸ்கின் கால்ட்வெல் 1903இல் அதே மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தந்தை ஐரா கால்ட்வெல் சபை விட்டுச் சபை மாறியதால் குடும்பமும் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ரென்ஸ் என்ற சிற்றூரில் தங்கியது. குத்தகைக் குடிசைகளுக்குத் தந்தை சென்றபோது மகனும் உடன் சென்றார். அங்கே கண்டது எளிய கணக்கு. நிலமும் கோவேறு கழுதையும் உடைமையாளருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடைவரை உண்ண மாவும் பன்றிக்கொழுப்பும் கடனாக வரும். அதற்கு ஈடு, இன்னும் விளையாத பருத்தி. ஆண்டு முடிவில் கணக்கு எழுதுகிறவர் கடன் கொடுத்தவரே. குடியானவர் கையில் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன்.

தந்தை கொண்ட முடிவு என்னை இன்றும் உறுத்துகிறது. நல்ல மனிதர், ஏழைகளுக்கு உதவியவர். ஆயினும் வறிய குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, 1930இல் மனித இனமேம்பாட்டு இதழ் ஒன்றில் அவர் எழுதிய தொடர், குற்றத்தைக் குருதியில் தேடியது. அதே ஜார்ஜியா 1937இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியதை நினைத்தால், அத்தகைய சிந்தனை வெறும் ஏட்டுச் சிந்தனையன்று என்பது விளங்கும்.

மகன் இரண்டுக்கும் இடையில் நின்றார். 1932இல் வந்த ‘டொபாக்கோ ரோடு’ நாவலின் மாந்தர்கள் பசியால் சிதைந்தவர்களா, பிறவியிலேயே சிதைந்தவர்களா என்பதை அவர் தெளிவாக்கவில்லை. அந்நாவலின் நாடக வடிவம் நியூயார்க்கில் 3,182 முறை மேடையேறியது. அங்கே கூடியவர்களில் எத்தனை பேர் கடன் முறையைக் கண்டார்கள், எத்தனை பேர் கோமாளிகளை மட்டும் கண்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1933இல் வெளியான ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ ஆபாசமென வழக்குக்கு உள்ளாகி, நியூயார்க் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டது. பின்னாளில் மலிவுப் பதிப்பாகப் பல லட்சம் பிரதிகள் விற்றன. வழக்கைப் போன்ற விளம்பரம் வேறேது!

கற்பனையில் மங்கலாக விட்டதைக் கட்டுரையில் அவர் துலக்கினார். புகைப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-வைட்டுடன் தென்மாநிலங்களைச் சுற்றி 1937இல் வெளியிட்ட நூலில் பழியைக் குத்தகை முறைமீதே சுமத்தினார். பருத்திப் பரப்பைக் குறைக்க 1933 முதல் அரசு தந்த பணத்தில் பெரும்பங்கு நிலவுடைமையாளரிடமே தங்கியது, வெளியேற்றப்பட்டவர்கள் குத்தகையாளர்கள். ஆனால் அந்நூலின் படவிளக்கங்களை அம்மக்கள் பேசியதுபோல் ஆசிரியர்களே புனைந்தார்கள். ஏழையின் வாயில் சொல்லைத் திணிக்கும் அந்த உரிமையை என்னால் ஏற்க முடியவில்லை.

நாவலில், பூட்டிய நூற்பாலையின் இயந்திரங்களை மீண்டும் ஓட்டத் துணிந்த தொழிலாளி சுட்டுக் கொல்லப்படுகிறான். பின்னர் உடன்பிறந்தவனே உடன்பிறந்தவனைக் கொல்கிறான். ஆந்தனி மான் இயக்கிய படம் முதல் சாவை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தவிர்த்துவிட்டது. படப்பிடிப்பு நடந்ததும் ஜார்ஜியாவில் அல்ல, கலிபோர்னியாவில்.

கால்ட்வெல் 1987இல் அரிசோனாவில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்து, அவர் எழுதிய குத்தகைக் குடிசைகளைக் காலிசெய்திருந்தது.