கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோ

இரு பட்டினங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை மைலால் அளப்பர். பிரயாண காலத்தை நிமிடத்தால் அளப்பர். ஆயின், அந்நிமிடங்களுக்குப் பின்னே நின்ற ஒரு மனிதனின் உழைப்பை அளத்தற்குக் கருவி யாதும் இல்லை. இவ்வுண்மையை விளக்க லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிளேரியோ 1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி பிரான்சு தேசத்துக் காம்பிரே நகரில் பிறந்தார். பாரிஸ் நகரில் யந்திரக் கல்வி கற்றுத் தேறினார். மோட்டார் வண்டிகளுக்கு முகவிளக்குகள் செய்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு சுகமாய் வாழ்ந்திருக்கலாம். அவரோ அதனை ஆகாய விமானங்கள் செய்வதிலேயே செலவிட்டார். செய்தவை பல; உடைந்தவையும் பல. ஒவ்வொரு முறை விழுந்த பின்னும், யந்திரத்தில் கண்ட பிழையைத் திருத்தி மீண்டும் ஏறினார். செல்வம் கரைந்தது, உறுதி கரையவில்லை.

இந்நிலையில், ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தில் கடப்பவருக்கு 1,000 பவுன் பரிசளிப்பதாக லண்டன் 'டெயிலி மெயில்' பத்திரிகை அறிவித்திருந்தது. 1909-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி ஹூபர்ட் லாத்தம் என்பவர் முயன்று, யந்திரம் நின்றுபோகக் கடலில் இறங்க நேரிட்டது. பிளேரியோவோ, அம்மாதத் தொடக்கத்தில் விமானத்தின் சூடு பட்டுக் கால் வெந்து, ஊன்றுகோலால் நடந்துகொண்டிருந்தார். எனினும் அவர் பின்வாங்கினாரில்லை.

ஜூலை 25-ந் தேதி அதிகாலை 4 மணி 41 நிமிடத்தில் கலே நகருக்கு அருகிலிருந்து புறப்பட்டார். அவர் ஏறியது மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்த விமானம். அதன் யந்திரம் 25 குதிரைச் சக்தியே உடையது. திசைகாட்டும் கருவியும் அவரிடம் இல்லை. துணைக்கு வந்த கப்பலையும் விரைவில் முந்திவிட்டார். பின்னர்ச் சுமார் பத்து நிமிடம் கரையும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. மேலே வானம், கீழே கடல். முடிவில் இங்கிலாந்தின் வெண்பாறைகள் தோன்றின. காற்று தம்மை வழிவிலக்கியதை உணர்ந்து திரும்பி, டோவர்க் கோட்டைக்கு அருகே இறங்கினார். இறங்குகையில் விமானம் பழுதுற்றது, அவர் பிழைத்தார். ஏறக்குறைய 22 மைல் தூரத்தைக் கடக்க அவருக்குச் சென்றது 37 நிமிடத்திற்கும் குறைவே.

அதன்பின் விமானத் தொழிலில் சிறந்து விளங்கி, 1936-ம் ஆண்டு அவர் காலமானார். அவர் ஏறிச் சென்ற விமானம் பாரிஸ் நகரப் பொருட்காட்சிச்சாலையில் காக்கப்பட்டுள்ளது.

1994-ம் ஆண்டு அக்கால்வாயின் கீழ்ச் சுரங்க ரயில்பாதை திறக்கப்பட்டது. அதில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரயில் மறுகரை சேரச் சுமார் 35 நிமிடம் ஆகின்றது. காலம் ஏறக்குறைய ஒன்றே; ஆயினும் ரயிலில் அமர்ந்து செல்வோர் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பிளேரியோவின் நிமிடங்களோ, பல்லாண்டுத் தோல்விகளை விலையாகக் கொடுத்துப் பெற்றவை. தேர்வில் ஒருமுறை தவறியதும் மனம் உடையும் நம் மாணவர், உடைந்த விமானங்களின் நடுவே நின்ற அவரை நினைப்பாராக.