காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை

காஞ்சிமா நகருக்கு அணித்தே கூரம் என்றோர் சிற்றூர் உளது. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து அரசு புரிந்த முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ வேந்தன், அவ்வூர்ச் சிவாலயத்திற்குத் தான் அளித்த நிவந்தங்களைச் செப்பேட்டிற் பொறித்து வைத்தான். அக்கோயில் மண்டபத்திலே பாரதம் வாசிப்பார்க்கும் அதனுள் ஒரு பங்கு வகுக்கப்பட்டுளது. பிற்காலத்தே இராமாநுசரின் மாணாக்கராய் விளங்கிய கூரத்தாழ்வான் தோன்றியதும் அவ்வூரிலேயாம். காஷ்மீரத்திற் கண்ணுற்ற அரிய நூலொன்று கைவிட்டுப் போகவே, அதனைத் தம் நெஞ்சினின்றே எடுத்துரைத்து ஆசிரியருக்கு உதவினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் வரலாறு.

செப்பேட்டின் வாசகம் இன்றும் நம்மிடை உளது. பாரதம் வாசித்தாரது குரல் இல்லை. ஏடு போயிற்று, ஆழ்வான் நெஞ்சிற் பதித்த பொருள் நின்றது. அரிய பொருளைக் காக்கும் வழிகள் இரண்டென்பதை இச்சிற்றூர் நமக்குக் காட்டுகின்றது. பொறித்து வைத்தல் ஒன்று. ஒருவர் நெஞ்சினின்று மற்றொருவர் நெஞ்சிற்கு ஏற்றுதல் மற்றொன்று. இவற்றுள் முன்னதை வேண்டாவென ஒதுக்கிப் பின்னதனாலேயே வாழ்கின்ற இசைப் பெரியார் ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை.

இவர் 1889-ஆம் ஆண்டிற் காஞ்சியிற் பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியம், வீட்டில் வழங்கிய நாயனா என்னும் செல்லப் பெயரே உலகறிந்த பெயராயிற்று. இசையையே வாழ்வாகக் கொண்ட குடும்பம் அது. தாயார் காமாட்சி அம்மாளும், தாயாரின் சகோதரி தனகோடி அம்மாளும் அக்காலத்திற் பெரும்புகழ் பெற்ற பாடகிகள். இத்தகைய மனையில் வளர்ந்தும் பிள்ளையவர்களின் நாட்டம் இளமையில் இசையிற் செல்லவில்லை. விளையாட்டிலும் மற்பயிற்சியிலுமே சென்றது. பிறகே இசையின்பால் உள்ளந் திரும்பினார். காலங்கடந்து தொடங்கினோம் என்னும் எண்ணம் சோம்பருக்குச் சாக்காகும். இவருக்கோ அதுவே தூண்டுகோலாயிற்று. ஜலதரங்கம் ரமணய்யச் செட்டியாரிடமிருந்து தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனங்கள் பலவற்றைப் பாடங் கொண்டார். மல்லர் உடலை வருத்திப் பழகுமாறு, இவர் தாளக்கணக்கிலே அறிவை வருத்திப் பழகினார்.

அப்பழக்கத்தின் பயனை இவரது கச்சேரி மேடையிற் கண்டு உலகம் வியந்தது. வயலின், மிருதங்கம் ஆகிய இரண்டே துணையாகப் பாடுவார் பலர். நாயனாப் பிள்ளையின் மேடையிலோ இவற்றோடு கடம், கஞ்சிரா, மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என வரிசையாகப் பக்கவாத்தியங்கள் அமர்ந்திருக்கும். இதனை முழுப்பெஞ்சுக் கச்சேரி என்று இரசிகர்கள் வழங்குவாராயினர். மலைக்கோட்டைக் கோவிந்தசாமிப் பிள்ளை, புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோல் மன்னார்குடிப் பக்கிரியா பிள்ளை போன்ற ஜாம்பவான்கள் உடனிருப்பர். இத்தனை பேரும் கணக்கிலே வழக்காட, நடுவே அமர்ந்து தாளந் தவறாது பல்லவி பாடி நிறுத்துவது எளிய செயலோ? தியாகராஜரின் கீர்த்தனங்களோடு அருணகிரிநாதரின் திருப்புகழையும் அதன் கடினமான சந்தங்கள் விளங்க மேடையிற் பாடி, பொதுமக்கள் செவிக்கு விருந்தாக்கியதும் இவரது தொண்டாகும். காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தி வித்துவான்களை வரவழைத்துப் பாடுவித்தார், தாமும் பாடினார்.

நிற்க. நம் நாட்டில் ஒலிப்பதிவுத் தொழில் 1902-ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே தொடங்கிற்று. நாயனாப் பிள்ளைக்கு அப்போது வயது பதின்மூன்று. 1925-ஆம் ஆண்டை ஒட்டி மின்சார முறையில் ஒலி பதிக்கும் வழக்கம் வந்தபோது, இவர் புகழின் உச்சியில் இருந்தார். இசைத்தட்டு ஊரூராய்ச் சென்றது. பாடினோர்க்குப் பொருளும் பெயரும் தந்தது. இவரோ இசைத்தட்டிற் பாட இசையவேயில்லை. 1934-ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து வயது நிரம்பு முன்னரே, காலமானார். இவர் குரலைத் தாங்கிய அரக்குத் தட்டு ஒன்றேனும் உலகில் இல்லை.

அம்மறுப்பு நேரியதோ என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிஷமே. மணிக்கணக்கில் விரியும் பல்லவிக்கும், எழுவர் எண்மர் கூடிப் பொருதும் தாளப் போருக்கும் அம்மூன்று நிமிஷத்தில் இடமேது? யானையைச் சிமிழில் அடைக்க ஒருப்படாதவரைக் குறை கூறுதல் அரிது. ஆயினும், வாலின் நுனியையேனும் கண்டிருப்போமே என நம் உள்ளம் ஏங்காமலும் இல்லை. இழப்பு இழப்பேயாம், அதனைப் பெருமையென்று சொல்லி மறைத்தல் உண்மையாகாது.

இவ்வேக்கம் நம் காலத்தில் இன்னும் மிகுகின்றது. அக்காலத்து அரக்குத் தட்டுகளைத் தேடியெடுத்து, அழுக்கு நீக்கி, பள்ளத்திற்கேற்ற ஊசியிட்டு, நுண்ணிய எண்ணுருவ ஒலியாக மாற்றி இப்போது மீண்டும் வெளியிடுகின்றனர். குறுந்தகட்டில் ஒலி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படும். உயர்நுட்பப் பதிப்பிலோ 96,000 முறையும் அதற்கு மேலும் அளக்கப்படும். தட்டு நிமிஷத்திற்கு 78 முறை சுழல வேண்டியிருக்க, சிறிது விரைந்து சுழன்றாலும் பாடகரின் சுருதி ஏறிவிடும். அவ்வேகத்தையும் ஆராய்ந்து திருத்துகின்றனர். கீறலின் இரைச்சல் அடங்க, மறைந்தவரின் மூச்சும் நம் செவியிற் படுகின்றது. ஆயினும் இக்கருவிகள் யாவும், ஊசி அன்று கீறிய கோட்டையே துலக்க வல்லன. கீறாத கோட்டைத் துலக்கும் கருவி எக்காலத்தும் இல்லை.

அங்ஙனமாயின் நாயனாப் பிள்ளையின் இசை அழிந்ததோ? இல்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் குருகுலவாசம் இருந்து அவ்வழியைக் கைக்கொண்டார். அவரிடம் மதுரை சோமசுந்தரம் பயின்றார். வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் சிறு வயதிலேயே காஞ்சி வந்து பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டனர். 1919-ஆம் ஆண்டிற் காஞ்சியிற் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாளோ முறையான மாணாக்கியாயிருந்தவர் அல்லர். அவர் கச்சேரிகளைச் சிறுமியாயிருந்து கேட்டே மனத்திற் பதித்துக்கொண்டார். பெண்டிர் பல்லவி பாடுதல் வழக்கமில்லாத அந்நாளில், பின்னர் அவர் மேடையேறிப் பல்லவி பாடி நிலைநாட்டினார். இவர்கள் எல்லாருடைய குரலும் ஒலிப்பதிவில் உள. அவற்றை ஊன்றிக் கேட்போர், பதிவாகாத அப்பெருங்குரலின் நிழலை ஆங்காங்கே உணர்வர்.

மாணவ நண்பர்காள்! எதனையும் வேண்டும்போது எடுத்துக் கேட்கலாம் என்னும் வசதி நமக்கு உண்டு. ஆதலின் இப்போதே கேட்க வேண்டும் என்னும் வேட்கை நம்மைவிட்டு அகலுகின்றது. அச்சிறுமி உற்சவப் பந்தலில் அமர்ந்து கேட்டபோது, மறந்தால் மீண்டும் எடுத்துக் கேட்கத் தட்டு ஒன்றும் இல்லை. அதனாலேயே மறவாது கேட்டார். நம் ஆசிரியர் வகுப்பில் விளக்கும் பொருளும், நம் பாட்டிமார் அந்தியிற் பாடும் பாட்டும் எவ்வேட்டிலும் ஏறாமலே போகக்கூடும். பொறித்து வைக்கக் கூடியவற்றைத் தவறாது பொறித்து வைப்போம். கூரத்துச் செப்பேடு கற்பிக்கும் பாடம் அது. பொறிக்க இயலாதவற்றை நெஞ்சில் ஏற்றுப் பிறர்க்கு அளிப்போம். கூரத்தாழ்வானும் நாயனாப் பிள்ளையின் வழியினரும் கற்பிக்கும் பாடம் அது. இவ்விரண்டையும் ஒருங்கே பயில்வோமாக.