பூட்டிய அறைக்குள் கொலை... கொலையாளி எங்கே? டாக்டர் ஃபெல்லைப் படைத்த ஜான் டிக்சன் காரின் கதை

உள்ளே தாழிட்ட அறை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கதவை உடைத்துப் பார்த்தால் குண்டு பாய்ந்த மனிதர் மட்டும் தரையில் கிடக்கிறார். சுட்டவரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பேய் வந்து சுட்டதா? இல்லவே இல்லை. கடைசி அத்தியாயத்தில் மனிதர் செய்த வேலைதான் என்று நிரூபணமாகும். இந்த ஒரே புதிரை விதவிதமாக மாற்றி ஒரு மனிதர் நாற்பது வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். அவர்தான் ஜான் டிக்சன் கார்.

யார் இவர்?

1906 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், யூனியன்டவுன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர்; அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஷெர்லாக் ஹோம்ஸும், செஸ்டர்டன் எழுதிய ஃபாதர் பிரவுன் கதைகளும் சிறு வயதிலேயே பையனைப் பிடித்துக்கொண்டன.

ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் சேர்ந்தவர் பாடத்தைவிடக் கல்லூரி இதழில் கதை எழுதுவதில்தான் மும்முரமாக இருந்தார். பிறகு படிக்கப் போகிறேன் என்று பாரிஸ் போனார். அங்கேயும் எழுத்துதான் நடந்தது, படிப்பு நடக்கவில்லை. 1930-ல் முதல் நாவல் 'இட் வாக்ஸ் பை நைட்' வெளியானது. அதில் துப்பறிபவர் பாரிஸ் போலீஸ் அதிகாரி பென்கோலின். 1932-ல், கப்பல் பயணத்தில் பழக்கமான ஆங்கிலேயப் பெண் கிளாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கிலாந்திலேயே குடியேறினார்.

டாக்டர் ஃபெல் எப்படி வந்தார்?

1933-ல் வந்த 'ஹேக்ஸ் நுக்' நாவலில் டாக்டர் கிடியன் ஃபெல் அறிமுகமானார். மலை மாதிரி உடம்பு, தோளில் மேலங்கி, மூக்கில் கவ்விய கண்ணாடி, நடக்க இரண்டு கைத்தடிகள். போலீஸ்காரர் இல்லை, சம்பளம் வாங்கும் துப்பறிவாளரும் இல்லை. அகராதி தொகுப்பவர், ஆங்கிலேயர்களின் குடிப்பழக்க வரலாற்றை வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பவர். ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஹாட்லி சிக்கலில் மாட்டும்போதெல்லாம் வந்து நிற்பார்.

இந்த உருவம் வேறு யாருமில்லை, செஸ்டர்டனேதான். சிறுவயதில் தன்னை மயக்கிய எழுத்தாளரின் உடம்பையும் உடையையும் சிரிப்பையும் அப்படியே தூக்கித் தன் துப்பறிவாளருக்குக் கொடுத்துவிட்டார் டிக்சன் கார். ஃபெல் 23 நாவல்களில் வந்தார்.

ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு பெயர்?

எழுதிய வேகம்தான் காரணம். 1935-ல் மட்டும் நான்கு நாவல்கள்! ஒரே பதிப்பகம் ஒரே பெயரில் இத்தனையைப் போட முடியாது. அதனால் இன்னொரு பதிப்பகத்துக்குப் புனைபெயரில் எழுதினார். அந்தப் பதிப்பகம் முதலில் வைத்த பெயர் கார் டிக்சன். பெயரைத் திருப்பிப் போட்டால் யாருக்குத்தான் தெரியாது? அவர் ஆட்சேபித்த பிறகு கார்ட்டர் டிக்சன் என்று மாற்றினார்கள். இந்தப் பெயரில் வந்தவர் சர் ஹென்றி மெரிவேல் என்ற இன்னொரு துப்பறிவாளர். அவருக்கும் 22 நாவல்கள்.

கதாபாத்திரமே பாடம் எடுத்த அத்தியாயம்

1935-ல் வந்த 'தி ஹாலோ மேன்' அவருடைய பெயர் சொல்லும் நாவல். அமெரிக்காவில் இதன் பெயர் 'தி த்ரீ காஃபின்ஸ்'. அதன் 17-ம் அத்தியாயத்தில் ஃபெல் விசாரணையை ஓரமாக வைத்துவிட்டு, பூட்டிய அறைக் கொலைகள் பற்றிப் பாடம் நடத்துகிறார். தான் ஒரு துப்பறியும் கதைக்குள் இருக்கிற ஆள் என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

கொலையாளி அறைக்குள்ளேயே இல்லாமல் கொலை நடக்க ஏழு வழிகள் சொல்கிறார்: தற்செயலான விபத்து கொலை போலத் தெரிவது, பாதிக்கப்பட்டவரே தன்னைக் கொல்லும்படி தூண்டுவது, அறையில் முன்பே ஒளித்துவைத்த கருவி, கொலை போல ஜோடித்த தற்கொலை, ஏற்கெனவே செத்தவரை உயிரோடு இருப்பதாகக் காட்டும் ஆள்மாறாட்டம், வெளியிலிருந்து கொன்றுவிட்டு உள்ளே நடந்ததாக நம்பவைப்பது, உயிரோடு இருப்பவரைச் செத்துவிட்டதாகச் சொல்லி, கதவை உடைத்ததும் முதலில் உள்ளே போய்க் கொல்வது. கதவு, தாழ்ப்பாள், சாவி ஆகியவற்றில் செய்யும் தந்திரங்களுக்குத் தனிப் பட்டியல் வேறு.

இத்தனை வழிகளையும் போட்டு உடைத்துவிட்டால் கதை என்னாவது? அதுதான் அவருடைய துணிச்சல். எல்லாச் சீட்டையும் மேஜையில் விரித்துக் காட்டிய பிறகும் அந்த நாவலின் விடையை வாசகர் கண்டுபிடிக்கத் திணறுகிறார். 1981-ல் 17 எழுத்தாளர்களும் விமர்சகர்களும் வாக்களித்துச் சிறந்த பூட்டிய அறை நாவல்களைத் தேர்ந்தெடுத்தபோது 'தி ஹாலோ மேன்' முதலிடம் பிடித்தது. முதல் ஐந்தில் மூன்று அவருடையவை.

வாசகரை ஏமாற்றலாமா?

ஏமாற்றலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. இதுதான் அவருடைய கொள்கை. துப்பறிவாளருக்குத் தெரியும் தடயம் ஒவ்வொன்றும் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேயும் சாபமும் சூனியமும் கதை முழுக்க மிரட்டும். விடையில் அவற்றுக்கு இடம் கிடையாது. இந்த நேர்மையைச் சத்தியம் செய்து காப்பாற்றிய சங்கம் லண்டனின் 'டிடெக்‌ஷன் கிளப்'. அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் ஆகியோர் இருந்த அந்தச் சங்கத்தில் 1936-ல் டிக்சன் காரைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கருக்கு அரிதாகக் கிடைத்த மரியாதை அது. ஆனால் அதன் முதல் தலைவரான செஸ்டர்டன் அதே ஆண்டு ஜூனில் காலமாகிவிட்டார்.

போரும் அதற்குப் பிறகும்

இரண்டாம் உலகப் போரில் லண்டன் வீடு குண்டுவீச்சில் சேதமானது. எழுத்து நிற்கவில்லை. பிபிசி வானொலிக்கும் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலிக்கும் திகில் நாடகங்கள் எழுதிக் குவித்தார். 1949-ல் ஆர்தர் கோனன் டாயிலின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. புதிர்க் கதைகளை ஓரங்கட்டிவிட்டு, தெருவில் அடிதடி செய்யும் துப்பறிவாளர்களும் உளவாளிகளும் முன்னுக்கு வந்தார்கள். டிக்சன் கார் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய இங்கிலாந்தைக் களமாக வைத்து, 'தி டெவில் இன் வெல்வெட்' போன்ற சரித்திர மர்ம நாவல்களை எழுதினார். புதிர் மட்டும் அதே புதிர்தான்.

ஒற்றைக் கையால் எழுதியவர்

1963-ல், அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் அவருக்கு 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் கொடுத்த அதே ஆண்டில், பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் செயலிழந்தது. ஐம்பத்தாறு வயது, ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ வலது கையால் மட்டும் தட்டச்சு செய்து இன்னும் ஒன்பது வருஷம் நாவல் எழுதினார். இந்தக் கடைசிக் காலப் புத்தகங்களில் பழைய கூர்மை இல்லை என்பது உண்மை. 1967-ல் ஃபெல் கடைசியாக வந்தார். 1972-ல் கடைசி நாவல். அதன் பிறகும் 'எல்லரி குயின்' மர்ம இதழில் மற்றவர்களின் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

1977 பிப்ரவரி 27 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் காலமானார். புதிர்க் கதையின் காலம் முடிந்துவிட்டது என்றவர்கள் ஜப்பானை மறந்துவிட்டார்கள். டிக்சன் காரின் ரசிகரான யோகோமிசோ செய்ஷி 1946-லேயே அங்கே பூட்டிய அறை நாவலை வேரூன்ற வைத்திருந்தார். இன்றும் அந்த நாட்டில் இளம் எழுத்தாளர்கள் புதுசு புதுசாகக் கதவுகளைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.