வெள்ளம் வருமுன் அணை

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு கரை கடந்தது. விடாது பெய்த மழையால் பெருகிய வெள்ளத்தில் பாலங்கள் இடிந்தன, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் அழிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆற்றின் கரையில் நின்ற ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர். அம்மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது.

இத்தகைய பேரழிவு மீண்டும் நேராமல் நகரைக் காப்பது எப்படி? இதற்கு வழி காண நிசாம் அரசு அழைத்த பொறியாளரே மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

கர்நாடகத்தின் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்து, அவ்வருவாயைக் கொண்டு தாமும் கல்லூரியில் படித்தார். பின்னர்ப் புனே நகரில் பொறியியல் பயின்று, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். அணையில் நீர் குறித்த அளவுக்கு மேல் உயர்ந்தால் தாமாகவே திறந்துகொள்ளும் கதவுகளை வடிவமைத்தார். 1903ஆம் ஆண்டு புனேவுக்கு அருகிலுள்ள கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் அவை பொருத்தப்பட்டன.

1909ஆம் ஆண்டு அவர் ஐதராபாத்துக்கு வந்தார். இடிந்த பாலங்களைக் கட்டுவதும் கரைகளை உயர்த்துவதும் உடனே செய்யக்கூடியவை. மக்களின் கண்ணில் படக்கூடியவை. ஆனால் அவர் விரைந்து முடிவெடுக்கவில்லை. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்பதையே முதலில் ஆராய்ந்தார். மழையளவுக் குறிப்புகளைத் திரட்டினார். மூசி ஆற்றுக்கு நீர் வரும் பரப்பை ஆய்ந்தார். அங்கிருந்த 788 ஏரிகளுள் 221 ஏரிகள் அப்பெருமழையில் உடைந்திருந்தன. மழைநீரோடு ஏரிநீரும் சேர்ந்தே நகருக்குள் பாய்ந்தது என்பது தெளிவாயிற்று.

துன்பம் நேர்ந்த இடம் நகரம். அதன் காரணமோ நகருக்கு மேலே இருந்தது. ஆகவே, மூசி ஆற்றிலும் அதன் துணையாறாகிய ஈசியிலும் நகருக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் அமைக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். நகருக்குள் ஆற்றின் கரைகளை உயர்த்தவும், கரையோரங்களில் பூங்காக்கள் அமைக்கவும், கழிவுநீர் வடிகால்களைச் சீர்செய்யவும் திட்டம் வகுத்தார்.

அதே ஆண்டில் அவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றுச் சென்றார். எனினும் திட்டம் நின்றுவிடவில்லை. அளவுகளும் கணக்குகளும் காரணங்களும் தெளிவாக எழுதப்பட்டிருந்தமையால், பிறர் அப்பணியைத் தொடர முடிந்தது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920ஆம் ஆண்டிலும், ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த அந்நீர்த்தேக்கங்கள், நகர மக்களின் தாகத்தையும் தணித்தன.

மைசூரிலும் அவர் இவ்வாறே செயல்பட்டார். தமிழ்நாட்டை நோக்கி ஓடிவரும் காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டும் பணி 1911ஆம் ஆண்டில் தொடங்கியது. 1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக விளங்கிய அவர், அப்பதவியிலிருந்து விலகிய பின்னரும் அப்பணி பல்லாண்டுகள் தொடர்ந்து நிறைவெய்தியது.

1955ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்ற விசுவேசுவரய்யா, நூறாண்டு கடந்து வாழ்ந்து 1962ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15, இந்தியாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சனத்நகருக்குத் தென்மேற்கே, மக்கள் காண்டிப்பேட்டை என்று அழைக்கும் ஏரியே உஸ்மான் சாகர். அதன் கரையில் நின்று நீர்ப்பரப்பைக் காண்போர், ஒரு தலைவரின் பண்புகளை அங்கே காணலாம். காரணத்தை அறிந்த பின்னரே செயலைத் தொடங்குதல் திட்டமிடல். எளிய பணிகள் அழைத்தாலும் தேவையான பணியிலிருந்து மனத்தைத் திருப்பாதிருத்தல் ஒருமுகப்பாடு. தாம் நட்ட மரத்தின் கனியைப் பிறர் பறிப்பதற்கும் மகிழ்ந்து காத்திருத்தல் பொறுமை. இம்மூன்றும் கூடிய இடத்தில், வெள்ளமும் குடிநீராக மாறும்.