டாக்டர் மட்டும் போதாது என்று உணர்ந்த டாக்டர்: யார் இந்த ஐடா ஸ்கடர்?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் பண்பொழி, செங்கோட்டைப் பக்கம்கூட குறைவுதான். அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், டாக்டர் மட்டும் இருந்தால் அது ஆஸ்பத்திரி ஆகிவிடாது, நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் சீக்கிரமே புரிந்துகொண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர். சின்ன வயதிலேயே பஞ்சத்தைப் பார்த்தவர். படிப்புக்காக அமெரிக்கா போன பிறகு, இந்தியா பக்கமே திரும்பக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து அடுத்தடுத்து ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிகளுக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவின் அப்பா வரத் தயாராக இருந்தார். ஆனால், ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதை மூன்று குடும்பமும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூர் வந்து, குடும்பம் இருந்த பங்களாவிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

நர்ஸிங் பள்ளி எதற்கு?

ஆபரேஷனை ஐடா செய்துவிடலாம். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க யார் பார்த்துக்கொள்வது? காயத்துக்குக் கட்டு மாற்றுவது, நாடி பார்ப்பது, ஆபத்து என்றால் உடனே டாக்டரை எழுப்புவது யார்? ஆரம்பத்தில் சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணுக்கு அவரே வேலை கற்றுக்கொடுத்தார். கூட்டம் கூடக்கூட, ஆளைப் பிடித்துப் பழக்கினால் மட்டும் போதாது, முறையான படிப்பே வேண்டும் என்பது தெளிவானது.

அது சாதியும் தீட்டும் பார்த்த காலம். அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்ப வீடுகள் தயங்கின. அந்தத் தயக்கத்துக்கு நடுவில்தான் 1909-இல், டீலியா ஹவுட்டன் என்ற நர்ஸின் பொறுப்பில், வேலூரில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-இல்தான். அதாவது, டாக்டர்களை உருவாக்குவதற்கு 9 வருஷம் முன்பே நர்ஸ்களை உருவாக்கத் தொடங்கிவிட்டார் ஐடா.

1946-இல் வேலூரில் நர்ஸிங் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவிலேயே நர்ஸிங்கைப் பட்டப்படிப்பாகத் தொடங்கிய முதல் கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

நர்ஸ் எடுக்கிற முடிவு உயிரை எப்படிக் காப்பாற்றும்?

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்தான ரத்தப்போக்கு. ஆனால், இளம் பெண்ணின் உடம்பு கொஞ்ச நேரம் சமாளித்துக்காட்டும். முதலில் நாடித்துடிப்பு வேகமாகும். ரத்த அழுத்தம் பெரும்பாலும் பிறகுதான் இறங்கும். பி.பி. நார்மலாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால், அது இறங்கும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

அந்த நேரத்தில் நர்ஸ் என்ன செய்கிறார்? நாடி 84-இலிருந்து 100, பிறகு 116 என்று ஏறுவதைக் கவனிக்கிறார். வயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்க்கிறார். தொளதொளவென்று இருந்தால் தேய்த்துவிடுகிறார். அதேநேரம் டாக்டருக்குத் தகவல் போகிறது, கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து தயாராகிறது. பிறகு மறுபடியும் நாடி பார்க்கிறார். கவனிப்பது, காரணம் யோசிப்பது, திட்டமிடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று மறுபடி பார்ப்பது - நர்ஸிங் படிப்பின் முதல் பாடம் இந்த ஐந்து படிகள்தான்.

இதற்கும் பண்பொழிக்கும் என்ன சம்பந்தம்?

தூரம்தான். பண்பொழியில் வலி எடுத்தால் செங்கோட்டை, இல்லாவிட்டால் தென்காசி அரசு ஆஸ்பத்திரி. அங்கேயும் சமாளிக்க முடியாத கேஸ் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் வழியில் ஒரு மணி நேரமாவது போய்விடும். அதனால், அனுப்ப வேண்டுமா என்ற சந்தேகம் முதலில் யாருக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பது முக்கியம். பெரும்பாலும் அது கிராம சுகாதார செவிலியருக்கோ நைட் டியூட்டி சிஸ்டருக்கோதான் வர வேண்டும்.

நோயாளியின் வீட்டார் எதைக் கவனிக்கலாம்?

ஊசி போடும் முன்பு நர்ஸ் பெயரைக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் சரிபார்க்கிறார். நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவ வேண்டும். மறந்திருந்தால் மரியாதையாக நினைவூட்டலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது, ராத்திரி நடந்தது காலையில் வருகிறவருக்கு முழுசாகத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் அவர்களைப் பேச விடுங்கள்.

நர்ஸ்களின் எண்ணிக்கையும் இதே அளவுக்கு முக்கியம். பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. ஒரே சிஸ்டர் வார்டு முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தால், எவ்வளவு படித்தவரானாலும், ஏறுகிற நாடி அவர் கண்ணில் படாமல் போகலாம்.

ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அப்போது வயது 89. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய இடம் அதற்குள் பெரிய மருத்துவக் கல்லூரியாகியிருந்தது. அங்கே படித்த நர்ஸ்கள் பல ஊர்களின் வார்டுகளில் ராத்திரி கண்விழித்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.