யார் இந்த ஹாமில்டன்? 10 டாலர் நோட்டில் இருப்பவரின் வரிக் கணக்கு

10 டாலர் நோட்டில் இருக்கும் அலெக்சாண்டர் ஹாமில்டன் அமெரிக்க அதிபரே கிடையாது. அந்நாட்டின் முதல் நிதியமைச்சர். கரீபியன் தீவில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, ஏற்றுமதி-இறக்குமதி கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தவர். சரக்கும் கடனும் எப்படிச் சுழலும்னு அங்கேதான் பழகினார்.

1789-ல் பதவியேற்றபோது நாட்டின் தலையில் சுதந்திரப் போர்க் கடன். மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே ஏற்க வைத்தார். சரி, வட்டி கட்டப் பணம்? டாரிஃப், அதாவது இறக்குமதி வரிதான் முக்கிய வருமானம். வந்ததில் பெரும்பகுதி பிரிட்டன் சரக்கு. இங்கதான் சிக்கல். உள்ளூர் தொழிலைக் காப்பாத்த வரியை ஏகத்துக்கும் ஏத்தினால் சரக்கு வரத்து குறையும், கஜானா காயும்.

அதனால்தான் 1791-ல் தந்த தொழில்துறை அறிக்கையில், மிதமான வரியோடு புதுத் தொழில்களுக்கு நேரடி மானியமும் கேட்டார். ‘டாரிஃப் பிதாமகன்’ என்று அவரைக் கொண்டாடுபவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அன்றைய நாடாளுமன்றமும் அப்படித்தான்: வரி உயர்வை எடுத்துக்கொண்டு மானியத்தைக் கண்டுக்கவே இல்லை.

கடனை அடைக்க விஸ்கிக்கும் வரி வந்தது. மேற்கு பென்சில்வேனியா விவசாயிகளுக்கு இது பெரிய அடி. தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோகச் செலவு அதிகம்; விஸ்கியாக்கி விற்றால்தான் கட்டுப்படியாகும். 1794-ல் கலகமே வெடித்தது. அரசு படையை அனுப்பியது, ஹாமில்டனும் கூடவே போனார்.

1804-ல் துணை அதிபர் ஆரன் பர்ருடன் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை. குண்டு பாய்ந்து மறுநாள் இறந்தார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்; நண்பர்கள்தான் நிதி திரட்டிக் கொடுத்தார்கள்.