‘யானை டாக்டர்’ கிருஷ்ணமூர்த்தி: யானை எதனால் செத்தது என்று கேட்டவர்

காட்டில் ஒரு யானை செத்துக் கிடக்கிறது. குண்டடியா, நோயா, வயசாகிப் போச்சா? வெளியே நின்று பார்த்தால் தெரியாது. நாற்றமெடுக்கும் உடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலையைச் செய்தே ஆகணும் என்று வனத்துறையில் விடாமல் வலியுறுத்தியவர் டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. காட்டில் அவர் ‘டாக்டர் கே’. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

யார் இவர்?

தமிழ்நாட்டு கால்நடை மருத்துவர். முதுமலை தெப்பக்காடு, ஆனைமலை டாப்ஸ்லிப் முகாம்களில் நீண்ட காலம் யானைகளைப் பார்த்துக்கொண்டவர். அப்போது முகாம் யானைகளின் முக்கிய வேலை மரம் இழுப்பது. ரணம், வயிற்றுக் கோளாறு, பிரசவம் எல்லாவற்றுக்கும் டாக்டர்தான். முகாம் யானைகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து 1997-ல் ரமன் சுகுமார் உள்ளிட்டோருடன் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

குடற்புழு பெரிய பிரச்சினையா?

யானை வயிற்றில் புழு இருப்பது சகஜம். லத்தியோடு வெளியே வரும் முட்டை பொரிந்து, புல் வழியாக இன்னொரு யானைக்குள் போகும். முகாம் யானைக்கு ராகிக் களி உருண்டையில் மருந்து வைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் ராத்திரி அதுவும் காட்டில்தான் மேயும், திரும்பவும் புழு ஏறும். காட்டு யானைக்கோ மருந்தே கொடுக்க முடியாது.

2002-ல் டி.என்.சி.வித்யாவும் சுகுமாரும் நீலகிரி காட்டு யானைகளின் லத்தியை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம். மழைக்காலத்தைவிட வறண்ட காலத்தில் புழு முட்டைகள் அதிகம். ஆனால் உடல் மெலிவுக்கும் புழு அளவுக்கும் தொடர்பு தென்படவில்லை.

அதாவது, மெலிந்த யானை செத்தால் புழுதான் காரணம் என்று கேஸை மூடிவிட முடியாது. தந்தத்துக்காகச் சுட்ட குண்டு உள்ளே கிடக்கலாம். டாக்டர் கே பிரேதப் பரிசோதனையில் பிடிவாதமாக இருந்ததன் அர்த்தம் இதுதான். காரணம் தெரியாமல் புதைத்தால் வேட்டைக்காரன் தப்பிப்பான், நோயும் தப்பிக்கும்.

மூர்த்தி என்ற யானை

1998-ல் கூடலூர் பகுதியில் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு மக்னா யானை பிடிபட்டது. கேரளாவில் அதைச் சுட்டுக்கொல்ல உத்தரவு இருந்தது. இங்கே மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். உடம்பெல்லாம் காயம். டாக்டர் கே சிகிச்சை அளித்தார், யானை பிழைத்தது. அவர் நினைவாகவே அதற்கு ‘மூர்த்தி’ என்று பெயர். பின்னாளில் குழந்தைகள் பக்கத்தில் போகும் அளவுக்கு சாதுவாகிப்போனது.

டாக்டர் 2002-ல் காலமானார். அவர் பெயரைச் சுமந்த யானை தெப்பக்காட்டில் 2024 வரை வாழ்ந்தது.